லொறிக்காரனுக்கு முதலில் தெரியும்

வாசகர் கேள்வி:

அக்கா, நான் மூதூர்ப் பக்கம் ஒரு சிறிய சமூக நிறுவனத்தில் இணைப்பாளராக வேலை செய்கிறேன். காஸாவில் உடைந்துகொண்டிருக்கும் போர்நிறுத்தத்தைக் காப்பாற்றச் சொல்லி உலகத் தலைவர்களுக்குப் பெரிய உதவி நிறுவனங்கள் அறிக்கை விடுகின்றன. அதைப் பார்த்து எங்கள் மாவட்டத்து உள்ளூர் அமைப்புகளும் ஒரு கூட்டுக் கடிதம் எழுத நினைக்கின்றன. வரைபு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஆட்கள் இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். தமிழ் அமைப்புகளில் சிலர் "எங்களுக்கு ஆர் எழுதினவை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அப்பா 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர். "கடிதம் போட்டுச் செல்லடி நிண்டதை நான் பார்க்கேல்ல" என்று சிரிக்கிறார். இந்தக் கடிதங்களால் உண்மையில் ஏதாவது நடக்குமா? எப்படி எழுதவேண்டும்? எங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா?

திருகோணமலை மாவட்ட வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் அப்பாவின் சிரிப்புக்கு வருகிறேன். அவர் பார்த்த கடிதங்களில் சில என் மேசையைத் தாண்டிப் போனவை. 2006இல் நான் ஓர் உதவி நிறுவனத்தில் களப் பணியாளர். திருகோணமலையில் லோஞ்ச் ஏறி மூதூரில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போகிற வேலை. எந்தச் சென்றியில் (காவலரணில்) எந்தத் திகதியிலிருந்து சீமெந்தை மறிக்கிறார்கள், எந்த ஊருக்கு மண்ணெண்ணெய் போகவில்லை, எந்தப் பாதையில் இரவில் அம்புலன்ஸை விடுகிறார்களில்லை என்று பட்டியல் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே பல நிறுவனங்கள் சேர்ந்து அறிக்கை தயாரிப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சங்கடமான வரியை வெட்டும். வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சுவது "இரு தரப்பினரும் நிதானம் காக்கவேண்டும், ஆழ்ந்த கவலை கொள்கிறோம்" என்ற ஒரு பக்கம். சென்றியும் இல்லை, திகதியும் இல்லை, சீமெந்தும் இல்லை. அந்த 'ஆழ்ந்த கவலை' என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அந்தக் கடிதங்களைப் பார்த்த ஆள் சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆனால் அதிலிருந்து கடிதமே வீண் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். எங்கள் ஊரில் போர்நிறுத்தம் எப்படிச் செத்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் அந்தப் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆட்களைக் கொண்ட கண்காணிப்புக் குழு வந்தது. திருகோணமலையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. சனம் முறைப்பாட்டோடு வரிசையில் நின்றது. அவர்கள் எழுதினார்கள், விசாரித்தார்கள், இது மீறல், இது மீறல் இல்லை என்று தீர்ப்பும் சொன்னார்கள். தடுக்க மட்டும் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் நாடுகள் கூடி, சமாதானம் முன்னேறினால் தருகிறோம் என்று 450 கோடி டொலர் வாக்களித்தன. காசும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. நடுவில் கையைப் போட்டு நிறுத்த ஆள்தான் இல்லை.

2006 எங்களுக்கு ஜனவரி 2ஆம் திகதியே தொடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12இல் மரக்கறிச் சந்தையில் குண்டு, அதன் பின்னால் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல். அன்றைக்கே சம்பூர்ப் பக்கம் விமானங்கள் குண்டு போட்டன. மே முடிவில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே புலிகள், ஒன்றியத்தில் உறுப்புரிமை உள்ள சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் கண்காணிப்புக் குழுவில் இருக்கக்கூடாது என்றார்கள். குழுவில் பாதிக்கு மேல் அந்த மூன்று நாட்டு ஆட்கள்தான். தீப்பிடிக்கிற நேரத்தில் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி.

அதற்குப் பிறகு மாவிலாறு. ஜூலை 20 அளவில், புலிகளின் பகுதியில் இருந்த அதன் துருசு (மதகு) மூடப்பட்டது. கீழே வயல் செய்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தண்ணி இல்லை. விமானங்கள் வந்தது ஜூலை 26. நடுவில் ஐந்தாறு நாள். ஓகஸ்ட் 6இல் கண்காணிப்புக் குழுத் தலைவரே துருசைத் திறப்பிக்கப் போனார், அந்தப் பகுதியில் செல் விழத் திரும்பி வந்தார். அந்த வாரம் மூதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு உதவி நிறுவனமான ஏ.சி.எப். அலுவலக வளவுக்குள் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரச படைகளே பொறுப்பு என்று கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது, இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவர்கள் தண்ணியும் கழிப்பறையும் கட்டிக்கொடுக்க வந்த பிள்ளைகள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒப்பந்தம் காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. 2008 ஜனவரி 16இல்தான் அது சட்டப்படி முடிந்தது. ஒன்றரை வருடம் பிணத்துக்கு மருந்து கட்டினோம். எங்கள் அறிக்கைகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றரை வருடத்தில் எழுதப்பட்டவை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: வெடிச்சத்தத்துக்கு முன்னால் பொருள் நிற்கும். முதலில் தண்ணி நிற்கும், இல்லாவிட்டால் எண்ணெய் நிற்கும், லொறி நிற்கும், பாஸ் கிடைக்கப் பிந்தும். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. சந்தைக் குண்டுக்கு எந்த முன்னறிவிப்பும் இருக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலும் தூதுவருக்குத் தெரிய முன்னம் லொறிக்காரனுக்குத் தெரியும். உதவி நிறுவனங்களிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த லொறிக்காரனின் அறிவு. அதை நேரத்தோடு, நேராக, பெயர் சொல்லிச் சொன்னால் கடிதத்துக்குப் பாரம் இருக்கும். அதை விட்டுவிட்டு ஒப்பாரி வைத்தால், எங்களை விட நன்றாக ஒப்பாரி வைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

காஸாவைப் பாருங்கள். 2025 ஜனவரி 19இல் ஒரு போர்நிறுத்தம் தொடங்கியது. முதல் கட்டம் 42 நாள். மார்ச் 2ஆம் திகதி இஸ்ரேல் உதவிப் பொருட்களை முழுதாக மறித்தது. மார்ச் 18இல் குண்டுவீச்சு திரும்பவும் தொடங்கியது. நடுவில் பதினாறு நாள். அப்பாவிடம் இந்த இரண்டு திகதிகளையும் மாவிலாற்றுத் திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சிரிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கேட்டு நடந்த இடமும் உண்டு. யேமனில் 2022 ஏப்ரல் 2இல் ஐ.நா. ஏற்பாட்டில் இரண்டு மாதப் போர்நிறுத்தம் வந்தது. அதில் இருந்த அம்சங்களைப் பாருங்கள்: ஹொதைதா துறைமுகத்துக்கு 18 எண்ணெய்க் கப்பல், சனாவிலிருந்து கிழமைக்கு இரண்டு பயணிகள் விமானம். மே 16இல் சனாவிலிருந்து அம்மானுக்கு விமானம் பறந்தது, கிட்டத்தட்ட ஆறு வருடத்துக்குப் பிறகு. நோயாளிகள் வெளியே போனார்கள். உதவி நிறுவனங்கள் நீடிக்கச் சொல்லிக் கேட்டபோது வெறுமனே சமாதானம் கேட்கவில்லை. இந்த விமானம் நிற்கக்கூடாது, இந்தக் கப்பல் நிற்கக்கூடாது என்றும் கேட்டன. இரண்டு தடவை நீடித்தது. ஒக்டோபர் 2இல் தவணை முடிந்த பிறகும் யேமனின் உள்போர்முனைகள் பழையபடி எரியவில்லை. அதைக் கடிதம்தான் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே சண்டை பிடித்த சவூதிக்கும் ஹூதிகளுக்கும் அவரவர் கணக்கு இருந்தது. ஆனால் சனம் கையில் தொட்டுப் பார்த்த ஒரு விமானத்தை நிறுத்துவது, யாரும் பார்க்காத ஒரு ஒப்பந்தத்தை முறிப்பதை விடக் கஷ்டம்.

உங்கள் தமிழ் நண்பர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கூட்டத்தில் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. "எங்களுக்கு ஆர் எழுதினவை?" எழுதினார்கள், தங்கச்சி. பிந்தி எழுதினார்கள். 2009 மே மாதம், போர் முடிய ஏறத்தாழ ஒரு கிழமை இருக்கும்போது, ஹியூமன் ரைட்ஸ் வோச், சர்வதேச மன்னிப்புச் சபை உட்படச் சில அமைப்புகள் சேர்ந்து ஜப்பானியப் பிரதமர் தாரோ அசோவுக்கு ஒரு கடிதம் எழுதின. இலங்கைக்கு ஆகக்கூடிய காசு கொடுக்கிற நாடு நீங்கள், பாதுகாப்புச் சபையில் இதை எடுக்க உதவுங்கள் என்பது அதன் சாரம். ஒரு ஆள், ஒரு காரியம், அவரிடம் இருக்கிற பிடி எது என்பது வரை தெளிவாகச் சொன்ன கடிதம். ஆறு மாதத்துக்கு முதல் வந்திருந்தால்? தெரியாது. பாதுகாப்புச் சபை கடைசி வரைக்கும் எங்களைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவில்லை. அதைவிட மோசம், 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள், தங்களிடம் இருந்த இறப்புக் கணக்கைக் கூட நேரத்தோடு வெளியே சொல்லத் தயங்கினார்கள். 2012இல் ஐ.நா.வின் சொந்த உள்ளக விசாரணையே அதைத் தோல்வி என்று எழுதியது.

ஆகவே அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் மூடிவைக்கவேண்டாம். இதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்லவும் விடவேண்டாம். அதேபோல, அந்தக் காயத்தைக் காட்டி மற்ற ஆட்களின் வாயை அடைக்கவும் விடக்கூடாது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது. சம்பூர்த் தமிழ்ச் சனம் ஈச்சிலம்பற்று, வெருகல் தாண்டி வாகரைக்கு ஓடியது. ஏறத்தாழ ஒரே காலம், இரண்டு திசை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடக் கொட்டிலில் படுத்தவைதான். கையெழுத்து வைக்க விருப்பமில்லாத அமைப்பை வற்புறுத்தவேண்டாம். எண்ணிக்கைக்காக வாங்கின கையெழுத்து முதல் தொலைபேசி அழைப்பிலேயே பின்வாங்கும். ஆனால் வரைபை எழுத அவர்களையும் கூப்பிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எப்படி எழுதுவது?

"உலகத் தலைவர்களுக்கு" என்று தொடங்கவேண்டாம். ஊருக்கு எழுதின கடிதத்தை ஒருவரும் உடைக்கமாட்டார்கள். 2025 ஒக்டோபர் 10இல் வந்த போர்நிறுத்தத்துக்கு ஒக்டோபர் 13இல் ஷார்ம் அல் ஷேக்கில் அமெரிக்கா, எகிப்து, கட்டார், துருக்கி என்று நான்கு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டவரிடம்தான் கேட்கவேண்டும். அதற்கும் முன்னால் எங்கள் வெளிநாட்டு அமைச்சுக்கு எழுதுங்கள். 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தம் கேட்டு வாக்களித்த 153 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதே இலங்கைதான் இஸ்ரேலுக்கு வேலைக்கு ஆளும் அனுப்புகிறது. இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிற அரசு என்றால், அந்தக் கதவால் ஒரு செய்தியாவது போகலாம்தானே. திருகோணமலையிலிருந்து வாஷிங்டனுக்குப் போகிற கடிதத்தை விட, கொழும்புக்குப் போய்ப் பதில் எழுதவேண்டிய கட்டாயத்தை உண்டாக்கும் கடிதம் எனக்குப் பிடிக்கும்.

கேட்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். "இரு தரப்பும்" என்ற சொல்லை வரைபில் கண்டால் வெட்டிவிடுங்கள், அதற்குள் ஒளிய இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. இஸ்ரேல் இந்த வாசலைத் திறக்கவேண்டும், பேசின கணக்குப்படி நாளுக்கு 600 லொறியை விடவேண்டும், கூடாரக் கம்பையும் ஜெனரேற்றரையும் யுத்தப் பொருள் என்று மறிக்கக்கூடாது, உதவி நிறுவனங்களின் பதிவை வைத்து வாசலை அடைக்கக்கூடாது. ஹமாஸ் ஒப்பந்தத்தில் தனக்குச் சொன்னதைச் செய்யவேண்டும். இந்தக் கடைசி வரியைப் போட உங்கள் கூட்டத்தில் சிலர் தயங்குவார்கள். போடுங்கள். அது இல்லாத கடிதத்தைக் குப்பையில் போட வாங்குகிறவருக்கு ஒரு சாட்டு கிடைத்துவிடும். எண்ணிக்கை எதையும் முகநூலில் இருந்து எடுக்கவேண்டாம். ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் வெளியிட்டதா, காஸா சுகாதார அமைச்சு சொன்னதா என்று யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிழையான இலக்கம் போதும், முழுக் கடிதமும் போய்விடும்.

நீளம் ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில் ஒரு பந்தியை வேறு எந்த ஊராலும் எழுத முடியாது. அதற்குத்தான் பேசாமல் இருக்கிற அந்தத் தமிழ் நண்பர்களைக் கூப்பிடச் சொன்னேன். தொண்ணூறுகளில் பற்றரி கொண்டுபோக முடியாமல் இருந்தவர்கள், யூரியாவுக்கும் சீமெந்துக்கும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கால்கடுக்க நின்றவர்கள் அவர்கள். கூடாரக் கம்பு மறிக்கப்படுகிறது என்ற செய்தி லண்டனில் ஒரு வரி. எங்களுக்கு அது தெரிந்த சென்றி, தெரிந்த முகம். மாவிலாற்றுத் தண்ணி நின்ற பிறகு எத்தனை நாளில் விமானம் வந்தது என்று மூதூரில் வயல் செய்த ஒரு முஸ்லிம் பெரியவரும் உங்கள் அப்பாவும் இரண்டு வரி சொல்லட்டும். கண்காணிப்பாளர்கள் போன பிறகு ஊர் எப்படி இருந்தது என்று ஒரு வரி. பெயர் போடத் தேவையில்லை. ஐந்து நாட்டுக் கண்காணிப்பு இருந்த ஒரு போர்நிறுத்தம் எப்படி உடைந்தது என்று அருகிலிருந்து பார்த்த சனம் பேசுகிறது என்பதுதான் உங்கள் கடிதத்தின் தகுதி. 2025 ஜூலையில் பட்டினியைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட உதவி நிறுவனங்கள் ஒன்றாக அறிக்கை விட்டன. அந்தப் பட்டியலில் நூற்றியோராவது பெயராக நிற்பதில் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

இன்னொன்று. கையெழுத்திடாத நிறுவனங்களைக் கோழைகள் என்று நினைக்கவேண்டாம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இப்படிக் கூட்டறிக்கைகளில் சேர்வதில்லை. கைதிகளைப் பார்க்கவும் உடல்களைக் கைமாற்றவும் இரண்டு பக்கமும் அவர்களுக்குக் கதவு திறந்திருக்கவேண்டும், ஆகவே குறை இருந்தால் உரியவரின் காதுக்குள் சொல்வார்கள். 2006இல் எங்கள் கோபம் முழுக்க அவர்கள் மேல்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் அவர்களுடைய வாகனம் மட்டும்தான் போர்முனையைத் தாண்டிக் காயக்காரரை ஏற்றி வந்தது, அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். யாராவது சத்தம் போடவேண்டும், யாராவது சத்தம் போடாமல் உள்ளே போகவேண்டும்.

பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஓர் இளைஞர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைது செய்யப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். ஆகவே தனி ஆளாகக் கையெழுத்து வைக்கவேண்டாம். உங்கள் நிர்வாகக் குழுவில் தீர்மானமாக எடுத்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட பிறகு நிறுவனப் பெயரில் போடுங்கள். அரசாங்கத்தில் பதிவான அமைப்பு என்றால் பதிவு இலக்கத்தையும் போடுங்கள், ஒளித்துச் செய்கிற வேலை இல்லை என்பது அதிலேயே தெரியும். பிரதியொன்றை மாவட்டச் செயலகத்துக்கும் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை குத்தி வாங்குங்கள். விசாரிக்க யாராவது வந்தால் காட்டுவதற்கு அந்த முத்திரை உதவும். கள வேலை செய்கிற இளம் பிள்ளைகளின் பெயரோ படமோ எங்கேயும் வரவேண்டாம். இது எனக்குப் பெரிய விடயம், மூதூரில் வேலை செய்த யாருக்கும் பெரிய விடயமாகத்தான் இருக்கும்.

அனுப்பிய பிறகு மூன்று கிழமையில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, கடிதம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான கடிதங்கள் மறுப்பால் சாவதில்லை, கேட்க ஆளில்லாமல்தான் சாகின்றன.

கூட்டம் எப்போது என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து, சாப்பாட்டுக்கும் பிறகு வையுங்கள். பசியோடு யாரும் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாவிலாற்றுத் திகதிகளை அவரே சொல்லட்டும். வரைபு முடிந்தால் எனக்கு அனுப்புங்கள், 'ஆழ்ந்த கவலை'யை வெட்டித் தருகிறேன்.